மரியாதை தெரிந்த காற்று

ஆகஸ்ட் 4, திங்கள்

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. கருவியின் பதிவேட்டில் எண்களை மட்டும்தான் எழுத முடியும். மற்றவற்றை எங்காவது இறக்கிவைக்க வேண்டும் என்பதற்காக இந்த நோட்டு.

காலை ஏழரைக்கு நெய்தலூர் அணுமின் நிலையத்தின் விருந்தினர் விடுதிக்கு வந்து சேர்ந்தேன். ஜன்னலைத் திறந்தால் கடல். ஜன்னலை மூடிவிட்டேன், காகிதங்கள் பறக்கின்றன.

வேலை மூன்று வருடங்களுக்கு முன் செய்ததுதான். வெளியே புகையோ நச்சு வாயுவோ கதிர்வீச்சுத் தூசியோ பரவினால் நிலையத்தில் எல்லோரும் ஓடலாம். கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் ஆறு பேர் ஓட முடியாது. அவர்கள் அங்கேயே உட்கார்ந்து உலையை அடக்கி வைத்தாக வேண்டும். அவர்கள் மூச்சுவிட அந்த அறைக்கு மட்டும் தனியாக வடிகட்டிய காற்றை ஓர் அவசர விசிறி தருகிறது. அந்தக் காற்றைத் தவிர வேறு காற்று அறைக்குள் திருட்டுத்தனமாக நுழைகிறதா, எவ்வளவு நுழைகிறது என்று அளப்பது என் தொழில். தீங்கில்லாத, மணமில்லாத ஒரு வாயுவை அறைக்குள் விட்டு, அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்ப்பேன். கோடு மெல்லச் சரிந்தால் நல்லது. மடமடவென்று சரிந்தால் எங்கோ ஓட்டை. கோடு எங்கே மிக வேகமாகச் சரிகிறதோ அந்த இடத்தை வைத்துத்தான் என் எண்.

மணிக்கு எழுபது கன மீட்டர்வரை மன்னிப்பு உண்டு. போன தடவை முப்பத்தொன்பது. திலகவதி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனேன்.

கழுத்தில் லேசான பிடிப்பு. ரயில்.

ஆகஸ்ட் 5

நாற்பத்தொன்று. தேறிவிட்டது.

நிலைய இயக்குநர் சதாசிவன் நான்கு மணி நேரமும் கூடவே நின்றார். பராமரிப்புக்காக நிறுத்திய உலையை இருபத்திரண்டாம் தேதி மறுபடி ஓட்ட வேண்டுமாம். அதற்கு என் கையெழுத்து வேண்டும். அறை துடைத்துவைத்த பாத்திரம் போல இருந்தது. ஆறு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சாசரோடு பீங்கான் கோப்பையில் தேநீர் வந்தது. சர்க்கரை போட்டிருந்தார்கள். நான் சர்க்கரை சேர்ப்பதில்லை. குடித்துவிட்டேன்.

நாளை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, வியாழக்கிழமை ரயிலைப் பிடித்துவிடலாம்.

ஆகஸ்ட் 6

நூற்றுப் பதினெட்டு.

அதே அறை, அதே விசிறி, அதே காலை ஷிஃப்ட், அதே பத்து மணி முதல் இரண்டு மணிவரை. இயக்குநர் மட்டும் வரவில்லை. நடுவில் நான் கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தேன்.

கருவி கெட்டிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 7

கருவி கெடவில்லை.

ஆகஸ்ட் 8

இயக்குநரைக் கூட்டிக்கொண்டு மூன்றாவது சோதனை. நாற்பது.

“பாத்தீங்களா மேடம்? அன்னிக்கு உங்க மிஷின்ல ஏதோ கோளாறு. இன்னிக்கே சைன் பண்ணிடலாமே?” என்றார் சதாசிவன்.

“இன்னும் ரெண்டு நாள் டைம் குடுங்க சார்.”

“ரெண்டு நாள்னா ரெண்டே நாள்.”

அவர் போன பிறகு கடைசி மேசையில் இருந்த இளைஞர், சட்டையில் இசக்கிராஜ் என்று பெயர், பக்கத்திலிருந்த பெண்ணிடம் தணிந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. “பெரியவுக வந்தா காத்துகூட கையக் கட்டிக்கிட்டுல்லா நிக்கி.”

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். விடுதிக்கு வந்து புதன்கிழமைப் படத்தையும் இன்றைய படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு ஐம்பதுவரை இரண்டு கோடுகளும் ஒட்டிப் போகின்றன. பிறகு புதன்கிழமைக் கோடு மட்டும் தலைகுப்புற விழுகிறது. ஒன்று முப்பத்தெட்டுக்கு மறுபடி மெல்லச் சரியத் தொடங்குகிறது. அன்று நான் சாப்பிடக் கிளம்பியது பன்னிரண்டு ஐம்பதுக்கு. திரும்பி வந்தது ஒன்று நாற்பதுக்கு. அறைக்கு வரும் நீண்ட நடைபாதையைக் கண்ணாடிக் கதவு வழியே உள்ளிருந்து பார்க்க முடியும்.

ஆக, பெரியவர் சதாசிவன் மட்டும் இல்லை. நானும்தான்.

ஆகஸ்ட் 9, சனி

விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டை ஒழுங்கு செய்வோம். கொடியில் கிடக்கும் துணியை அள்ளிப் பீரோவுக்குள் திணிப்போம். இவர்களும் எதையோ அள்ளி எங்கோ திணிக்கிறார்கள். எதை என்று தெரியவில்லை.

கேட்டால் சொல்ல மாட்டார்கள். திடீரென்று உள்ளே நுழைந்து பிடிக்கலாம். பிடித்தால் ஒரு நாள் எடுத்துவைப்பார்கள், அடுத்த நாள் மறுபடி வரும்.

மூன்று வருடங்களுக்கு முன்பும் நான் அளந்தது விருந்தாளிக்காகத் துடைத்த அறையைத்தான் என்று தோன்றுகிறது. அந்தக் கையெழுத்தை நம்பி ஆறு ஆறு பேராக மாறி மாறி மூன்று வருடம் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். கெட்டது எதுவும் நடக்கவில்லை. அதற்கு நான் காரணம் இல்லை.

என்னை மறக்கும்வரை அங்கேயே உட்காரப் போகிறேன். கல்லூரியிலும் சரி, அலுவலகத்திலும் சரி, நான் இருக்கிறேன் என்பதை ஜனங்கள் வெகு சீக்கிரம் மறந்துவிடுவார்கள். அது முதல்முறையாகத் தொழிலுக்கு உதவட்டும்.

ஆகஸ்ட் 11

இயக்குநரிடம் பேசிப் பதினாறாம் தேதிவரை நேரம் வாங்கிவிட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

காலை ஆறு முதல் இரண்டு வரை அறையில் உட்கார்ந்தேன். ஷிஃப்ட் பொறுப்பாளர் ஞானதிரவியம் ஐம்பதைத் தாண்டியவர், குறைவாகப் பேசுபவர். கழுத்தில் மப்ளர். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும் ஊரில் மப்ளர்! எனக்கு இரண்டாம் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போடச் சொன்னார். இரண்டாம் மேசைதான் உலைக்கான மேசை. அங்கே ஜெபசெல்வி என்ற பெண், முப்பது வயதிருக்கும், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

அவசர விசிறியை ஓட்டினால் தலைக்கு மேலிருக்கும் கம்பித்தட்டி வழியே காற்று கொட்டுகிறது. குற்றால அருவிக்குக் கீழே நிற்பது போல. வழக்கமாக வாரம் ஒருநாள்தான் ஓட்டுவார்களாம். இந்தப் பராமரிப்பு மாதத்தில் தினமும்.

எண்: நாற்பத்திரண்டு. இன்னும் விருந்தாளிதான்.

ஆகஸ்ட் 12

நாற்பது.

யாரும் என்னிடம் பேசவில்லை, ஒரு தடவையைத் தவிர. “மேடம், ஏசி கூடுதலா இருக்கா?” என்று ஜெபசெல்வி கேட்டார். இல்லை என்றேன். பொய். நாளை சால்வை எடுத்துப்போக வேண்டும்.

ஆகஸ்ட் 13

சால்வையோடு போனேன். இசக்கிராஜ் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, உங்க கட்சிக்கு ஒரு ஆள் கூடியாச்சு” என்றார் ஞானதிரவியத்திடம். மப்ளர்க்காரர் என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார், ஒரே பிரிவில் வேலை செய்பவர்களைப் போல.

பதினோரு மணிக்குத் தேநீர் வந்தது. கோப்பையும் இல்லை, சாசரும் இல்லை. பேப்பர் கப். எல்லோருக்கும் போல எனக்கும். இது ஒரு தரவு என்பதால் குறித்துவைக்கிறேன்.

இசக்கிராஜின் அம்மா கொடுத்தனுப்பிய அதிரசம் டிபன் பாக்ஸில் மேசை மேசையாகச் சுற்றி என்னிடமும் வந்தது.

“வேண்டாம்ப்பா, நான் இனிப்பு சாப்பிடறதில்ல.”

“எக்கா, அது எங்கம்மைக்கித் தெரியாதுல்லா? மிச்சம் கொண்டுபோனா, நல்லா இல்லியான்னு கேட்டு என் உயிர எடுப்பா. சும்மா எடுங்க.”

அக்கா. நான் யாருக்கும் அக்கா இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வாயில் அதிரசம் இருந்தது.

எண்: நாற்பத்தொன்று. வந்த காரியம் நடக்கவில்லை. ஆனாலும் விடுதிவரை நடந்தே வந்தேன். கடற்கரைப் பக்கம் வழி கொஞ்சம் சுற்று. காரணம் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

கிடைத்துவிட்டது. வரிசையாக எழுதுகிறேன்.

பத்து மணிக்கு விசிறி ஓடத் தொடங்கியது. பதினொன்றரைக்கு என் கழுத்தை இடப்பக்கம் திருப்ப முடியவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. தேநீரை வாங்க உடம்பு முழுவதையும் திருப்பினேன் போலிருக்கிறது. ஜெபசெல்வி பார்த்துவிட்டார்.

“எக்கா, கழுத்துப் பிடிச்சிட்டா?”

“ஒண்ணுமில்லம்மா.”

“ஒண்ணுமில்லன்னா ஏன் பொம்ம மாதிரி திரும்புதீய? ரெண்டாம் மேசைல இருக்க எல்லாருக்கும் வாரதுதான் அது. எனக்குப் போன மாசம் ஒரு வாரம் தலைய ஆட்ட முடியல. வீட்டுல அவுக எது கேட்டாலும் ஆமா இல்லன்னு வாயத் தொறந்து சொல்ல வேண்டியதாப் போச்சு.”

மேசையைப் பக்கத்து ஆளிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்தார். அலமாரியைத் திறந்து பதிவேடுகளுக்குப் பின்னால் கையைவிட்டு எதையோ உருவினார். நாற்காலியில் ஏறினார். தாள்களெல்லாம் கிழித்து முடிந்த தினசரிக் காலண்டரின் அட்டை. முருகன் படம் போட்டது. அதைத் தலைக்கு மேலிருந்த கம்பித்தட்டியில் செருகினார். பழகிய கை. இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

காற்று நின்றது. கழுத்துக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

“இப்ப எப்படி இருக்கு?” என்று குனிந்து கேட்டவர், என் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நான் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு தலைகுப்புற விழுந்துகொண்டிருந்தது.

இசக்கிராஜ் அதிரச டப்பாவைக் கையில் பிடித்தபடி இருந்தார். ஞானதிரவியம் மப்ளரைக் கழற்றி மேசைமேல் வைத்தார், நீதிபதி முன் நிற்பவரைப் போல.

நான் சிரித்துவிட்டேன். வேண்டுமென்று சிரிக்கவில்லை. பத்து நாளாகத் தரைக்குக் கீழே மின்கம்பிகள் நுழையும் துளைகளையும் கதவு ரப்பரையும் சந்தேகப்பட்டேன். காரணம் முருகன் படத்தோடு தலைக்கு மேலே தொங்குகிறது. அதுவும் எனக்காக. சிரிப்பு நிற்கவில்லை. கழுத்து வலித்தது, அப்படியும் நிற்கவில்லை. முதலில் இசக்கிராஜும், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஜெபசெல்வி மட்டும் நாற்காலிமேல் நின்றபடி, “எக்கா, எடுத்திரவா, வேண்டாமா? ஒண்ணு சொல்லுங்க” என்றார்.

“இருக்கட்டும். ரெண்டு மணிவரைக்கும் அப்படியே இருக்கட்டும்” என்றேன்.

நூற்றுப் பதினெட்டு.

காரணம் எளிது. வடிகட்டித் திருப்பித் தருவதற்காக விசிறி அறையிலிருந்து இழுக்கும் காற்றின் அளவு மாறவில்லை. கொடுக்கும் வழியை அடைத்தாகிவிட்டது. அறை குறையை நிரப்ப எங்கிருந்தாவது உறிஞ்சத்தானே வேண்டும்? தரைக்குக் கீழேயுள்ள மின்கம்பி அறையிலிருந்து உறிஞ்சுகிறது. அழுத்தம் காட்டும் மானி அறையின் மறு கோடியில் கதவருகே இருக்கிறது. அங்கே எல்லாம் நலம் என்றுதான் அது சொல்லும்.

விசிறி ஓடும் நேரத்தில்தான் அட்டை ஏறும். உண்மையிலேயே ஆபத்து வந்தாலும் இதே விசிறிதான் ஓடும். வெளியே நச்சுப் புகை சூழ்ந்திருக்கும் நாளில் கழுத்து வலிக்குப் பயந்து யாரோ ஒருவர் முருகனைச் செருகியிருப்பார். இதை எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 15

கொடியேற்றினார்கள். இனிப்பு கொடுத்தார்கள். மைதானத்தில் ஜெபசெல்வி கணவரோடும் குழந்தையோடும் நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் பக்கத்தில் வரவில்லை. யார் செருகியது என்று இயக்குநர் கேட்டால் மெமோ நிச்சயம். ஒருவேளை அந்த மேசையில் உட்காரும் உரிமமே போகலாம். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நாற்பத்தொன்று என்று கையெழுத்துப் போட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. இருபத்திரண்டாம் தேதி உலை ஓடும். அட்டை அலமாரிக்குள் போய்விடும், பத்திரமாக, அடுத்த முறை விசிறி ஓடும்வரை.

இனிப்பை முழுவதும் தின்றுவிட்டேன்.

ஆகஸ்ட் 16

காலை ஒன்பதுக்கு இயக்குநரின் அறை. எல்லாவற்றையும் சொன்னேன்.

“யாரு மேடம் அதைச் செருகினது? பேரை மட்டும் சொல்லுங்க.”

“என் கழுத்துக்காகச் செருகினது. என் பேரை எழுதிக்குங்க.”

“விளையாடாதீங்க.”

“விளையாடல சார். மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்த ரூமை நான்தான் பாஸ் பண்ணேன். உக்கார்றவங்க என்ன செய்வாங்கன்னு நான் பாக்கல. அந்த ரிப்போர்ட் தப்புன்னு இந்த ரிப்போர்ட்டோட முதல் பக்கத்துல எழுதப் போறேன்.”

“உங்க கம்பெனி உங்களைச் சும்மா விடுமா?”

“தெரியல சார்.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “டிசிப்ளின்னு ஒண்ணு இருக்குல்ல? எட்டு மணி நேரம் கொஞ்சம் காத்தைத் தாங்க முடியாதா?”

“வாங்க, உக்காந்து பாருங்க” என்றேன். நான் இப்படியெல்லாம் பேசுபவள் இல்லை.

வந்தார். விசிறியை ஓட்டச் சொல்லி என் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறு பேரும் திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாவது நிமிடம் தலையைத் தடவிக்கொண்டார். அவருக்குத் தலையில் முடி குறைவு. பதினெட்டாவது நிமிடம் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். இருபத்தைந்தாவது நிமிடம் ஞானதிரவியம் எழுந்துவந்து மப்ளரை நீட்டினார். இயக்குநர் அதைப் பார்த்தார். வாங்கிச் சுற்றிக்கொண்டார்.

அரை மணிக்கு எழுந்து, “இதுக்கு என்ன செய்யணும் மேடம்?” என்று என்னிடம் கேட்டார். பெயர் கேட்கவில்லை.

பிற்பகல், மறக்க முடியாத ஒரு சோதனை. அலமாரியிலிருந்து ஒன்றல்ல, மூன்று அட்டைகள் வெளியே வந்தன. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஒன்று. முருகன், வேளாங்கண்ணி மாதா, ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப்புடவைப் பெண். மூன்றையும் தனித்தனியே செருகி அளந்தேன்.

“மாதா அட்ட கொஞ்சம் சின்னது, பாத்துக்கிடுங்க. சைடுல காத்து வரும்” என்று இசக்கிராஜ் பொறுப்பாக விளக்கினார். சரியாகத்தான் சொன்னார். முருகன் நூற்றுப் பதினெட்டு, மாதா நூற்றிநான்கு, பட்டுப்புடவை நூற்று இருபத்தொன்று.

“பாத்தீயளா, சாமியெல்லாம் கொஞ்சம் எரக்கப்படுது. ஜவுளிக்கடைக்காரன்தான் மொத்தமா மூடிட்டான்” என்றார். ஞானதிரவியம் வாய்விட்டுச் சிரித்ததை இன்றுதான் பார்த்தேன். நல்ல சிரிப்பு.

அறிக்கையில் அட்டை ஒன்று, இரண்டு, மூன்று என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 18

அறிக்கை போய்விட்டது. முதல் பத்தி: முந்தைய சோதனை, பணியாளர்கள் இயல்பாக இருக்கும் நிலையில் செய்யப்படவில்லை; அந்தப் பிழை என்னுடையது.

சென்னையிலிருந்து என் மேலதிகாரி பேசினார். அரை மணி நேரம். கடைசியில், “இனிமே எல்லா நிலையத்துலயும் இப்படித்தான் உக்காந்து பாக்கணும்னு சொல்றீங்களா?” என்றார். ஆமாம் என்றேன். “அப்ப அந்த முறையை நீங்களே எழுதிக் கொடுங்க” என்றார். திட்டா பாராட்டா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 19

பட்டறையில் தகடு வெட்டினோம். ஒரே இடத்தில் கொட்டும் காற்றை நான்காகப் பிரித்துச் சுவரோரமாகத் திருப்பும் தகடு. காற்றின் மொத்த அளவு குறையாது. யார் கழுத்திலும் நேராக விழாது. வரைபடம் என்னுடையது. கோணத்தைச் சரிசெய்தவர் ஜெபசெல்வி. நாற்காலியில் அவரே உட்கார்ந்து, “இன்னும் கொஞ்சம் சுவத்துப் பக்கம், இன்னும் கொஞ்சம், ஆங், நிப்பாட்டுங்க” என்று சொல்லச் சொல்லத் திருகினோம்.

முப்பது வருடம் படித்ததில் இந்தக் கருவியைப் பற்றி எங்கும் இல்லை: உட்காருகிறவரைக் கேட்பது.

ஆகஸ்ட் 20

கடைசிச் சோதனை. எதையும் ஒழுங்குபடுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டேன். மேசையில் டிபன் பாக்ஸ், நாற்காலிமேல் துண்டு, ஒரு மூலையில் யாருடைய குடையோ. நான் பன்னிரண்டு ஐம்பதுக்குக் கேன்டீனுக்குப் போனேன். வேண்டுமென்றே ஒன்று நாற்பதுவரை மெதுவாகச் சாப்பிட்டேன். நடை வழியே திரும்பும்போது கண்ணாடிக்கு அந்தப்புறம் ஒருவரும் அசையவில்லை. யாரும் எழுந்து நிற்கவில்லை. இசக்கிராஜ் மட்டும் உள்ளிருந்தே என் தேநீரைத் தூக்கிக் காட்டினார்.

கோட்டில் ஒரு நெளிவும் இல்லை. பன்னிரண்டு ஐம்பதிலும் இல்லை, ஒன்று முப்பத்தெட்டிலும் இல்லை. முப்பத்தாறு.

ஜெபசெல்வி என்னைக் கட்டிப்பிடித்தார். நான் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். பிறகு தெரிந்தது.

ஞானதிரவியம் மப்ளரை மடித்து அலமாரிக்குள் வைத்தார். “இனி இது எதுக்கு?” என்றார். பிறகு என்னிடம், “ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவ வந்து பாக்கணும்லா? தகடு நவுந்துருக்கான்னு” என்றார். தகடு நகராது. நான்கு போல்ட் போட்டிருக்கிறோம்.

“பாக்கணும்” என்றேன்.

ஆகஸ்ட் 21

ரயில் நிலையத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். தேவையே இல்லை. இசக்கிராஜ் அம்மா கொடுத்த அதிரசம், இரண்டு கிலோ. வேண்டாம் என்று சொல்லும் முறையை நான் மறந்துவிட்டேன். பேப்பரில் சுற்றிய இன்னொரு பொருளையும் தந்தார்கள். வண்டி நகர்ந்த பிறகு பிரித்தேன். முருகன் அட்டை. பின்பக்கம் மூன்று ஷிஃப்ட் ஆட்களும், பதினெட்டு பேர், கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நடுவில் பெரிய எழுத்தில்: அட்டை எண் ஒன்று. பணி ஓய்வு.

காலண்டர் மாட்டும் வழக்கம் என் வீட்டில் இல்லை. ஃபோனில் தேதி இருக்கிறது.

ஆகஸ்ட் 23

நேற்று மாலை நான்கு பத்துக்கு உலை ஓடத் தொடங்கியதாம். ஜெபசெல்வி ஃபோனில் சொன்னார். விசிறிச் சோதனையும் நடந்ததாம். “எக்கா, எட்டு மணி நேரம் இருந்தேன். தலைய ரெண்டு பக்கமும் ஆட்டுதேன், கேட்டீயளா?” ஃபோனில் தலையாட்டுவது எப்படிக் கேட்கும்? கேட்டது என்றேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கூடத்துச் சுவரில் பழைய ஆணி ஒன்று இருக்கிறது. வீணாக இருப்பானேன் என்று அட்டையை அதில் மாட்டினேன். கையெழுத்துப் பக்கம் வெளியே தெரியும்படி. கழுத்து வலி இல்லை. பிப்ரவரி இருபதுக்கு ரயில் டிக்கெட் எப்போது திறக்கும் என்று பார்த்துவைத்தேன். நான்கு போல்ட்தான் என்றாலும் எதையும் நேரில் பார்க்காமல் நம்பக் கூடாது.